தாராபுரம் பக்கத்து ஸ்கேன் டாக்டரம்மாவுக்கு நன்றிங்க

பேர் போட வேண்டாம்னுட்டீங்க, நன்றியையாவது சொல்லிக்கிறோமுங்க. உங்ககிட்ட வந்த அம்மணிக்கு ஆறு வாரக் கர்ப்பம், ஏற்கெனவே ஒரு சிசேரியன், லேசான ரத்தக்கசிவு. கரு கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் தெரிந்தால் ‘கலைகிறது’ என்று எழுதிவிடுவதுதான் இதில் நடக்கிற பிழை. நீங்க உள்வழி ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்ளறையும் வாய்ப்பாதையும் காலி என்று முதலில் உறுதி செய்தீங்க. கருவியால் மெல்ல அழுத்திப் பார்த்தீங்க: கலைகிற கரு நழுவும், இது அசையவில்லை. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் கருவைச் சுற்றிலும் ரத்த ஓட்டம். சிறுநீர்ப்பைக்கும் கருவுக்கும் நடுவே தசை 2 மி.மீ. கூட இல்லை. பழைய சிசேரியன் தழும்பில் ஒட்டிய கரு! இது தெரியாமல், கலைகிற கரு என்று கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்திருந்தால் ரத்தத்தை நிறுத்துவது பெரும்பாடு. சுருங்கி ரத்தக்குழாயை நெரிக்கத் தழும்பில் தசை ஏது? அந்த அம்மணியைக் கோவைக்கு அனுப்பும்போதே ‘சுரண்ட வேண்டாம், ரத்தம் தயாராக இருக்கட்டும்’ என்று ரிப்போர்ட்டின் மேலேயே எழுதினீங்களே, அதுக்குத் தனியா ஒரு கும்பிடுங்க.