காய்கறி, பெர்ரி போடறவங்க வயலுக்கும் ஆபீஸர் வரணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தக்காளி, மிளகாய், ஸ்ட்ராபெர்ரி, கொஞ்சம் ப்ளூபெர்ரின்னு விக்கறதுக்காகவே பயிர் பண்ற ஆள் நான். உங்க விவசாய பக்கத்த விடாம படிக்கறேன், தானியத்துக்கு வர்ற அளவுக்கு எங்க பயிருக்கு செய்தி வர்றதில்ல, சரி அது போகட்டும், வயலுக்கும் ஆலோசனை சொல்ல யாரும் வர்றதில்லங்கறதுதான் என்னை எழுத வெச்சுது.

ரெண்டு சீசன் முன்னாடி தக்காளி நல்லா உருண்டு வர்ற நேரம், காயோட அடியில, பூ இருந்த முனை கருத்துப்போய் உள்ள அமுங்கி காஞ்ச தோல் மாதிரி ஆயிடுச்சு. ஒரு காய பறிச்சு பையில போட்டு எடுத்துட்டுப் போய் மருந்து விக்கறவர்கிட்ட காட்டினேன், அவர் காய திருப்பிக்கூட பாக்கல, அழுகல் நோய்தான் பூஞ்சாண மருந்து அடிங்கன்னாரு. அடிச்சேன். கேக்கல. வேற டப்பா குடுத்தாரு, அதையும் அடிச்சேன், அப்புறம் மூணாவதா ஒண்ணு. கடைசியில விவசாயிங்களுக்கு ஆலோசனை சொல்ற விரிவாக்க வேலையில இருந்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருத்தர் வேற வேலையா அந்தப் பக்கம் வந்தவர் வயல்ல எறங்கினாரு, காயையே பாக்கல அவரு, நேரா குனிஞ்சு சொட்டுநீர் குழாய தூக்கிப் பாத்தாரு. அந்த வரிசையில பாதி ஓட்டை அடைச்சுக் கெடக்கு. "இது நோயே இல்லப்பா, சுண்ணாம்புச் சத்து காய்க்கு போய் சேரல, மண்ணுல இருக்கு ஆனா தண்ணியோடதான் ஏறும், முதல்ல இலைக்குத்தான் போகும், நீ ஒரு நாள் ஊத்தி ரெண்டு நாள் காயப் போட்டா காய்க்கு என்ன மிஞ்சும்"னாரு. குழாய கழுவி தண்ணிய சீரா விட்டேன், அடுத்த கொத்துல வந்த காயெல்லாம் சுத்தமா இருந்துச்சு. நான் அடிச்ச மூணு மருந்தும் இல்லாத நோய்க்கு அடிச்சது!

மருந்துக் கடைக்காரரை நான் குறை சொல்லல, டப்பா வித்தாதான் அவருக்கு பொழப்பு. ஆனா நோய் என்னன்னு சொல்றவரும் மருந்து விக்கறவரும் ஒரே ஆளா இருந்தா "ஒண்ணும் அடிக்க வேணாம், குழாய கழுவு"ங்கற பதில் எப்படி வரும்? அதுக்குத்தான் சம்பளம் வாங்கற, எதையும் விக்காத ஒரு ஆள் வேணும்ங்கறேன்.

பெர்ரி இன்னும் மோசம், ஏன்னா தெரிஞ்சவங்களே கம்மி. ஸ்ட்ராபெர்ரில சாம்பல் பூஞ்சாணம் பழத்துலதான் கண்ணுக்குத் தெரியும், ஆனா அது உள்ள போறது பெரும்பாலும் பூ விரிஞ்சு ஈரமா இருக்கற நாள்ல. பழம் சாம்பல் பூத்த பிறகு மருந்து அடிச்சா அந்தப் பழம் திரும்பவும் வரப்போறதில்ல, அதோட பறிப்பு வேற ரெண்டு மூணு நாளைக்கு ஒருதரம் நடக்குது, அடிச்சதுல இருந்து எத்தன நாள் கழிச்சு பறிக்கணும்னு லேபிள்ல இருக்கறத யாரு கணக்கு போட்டு சொல்றா? ப்ளூபெர்ரிக்கு மண்ணோட பிஹெச், அதாவது புளிப்பு அளவு, நாலரைல இருந்து அஞ்சரைக்குள்ள வேணும், அதாவது நல்ல புளிப்பு மண்ணு. அது தெரியாம மத்த பயிருக்கு போடற மாதிரி சுண்ணாம்பு போட்டுட்டு, இளம் இலை நரம்பு மட்டும் பச்சையா நின்னு மீதி மஞ்சளானதும் உரம் பத்தலன்னு இன்னும் ரெண்டு கை போடறவங்கள பாத்திருக்கேன். இரும்புச் சத்து மண்ணுல இருந்தும் செடியால எடுக்க முடியலங்கறத நடறதுக்கு முன்னாடி ஒரு மண் பரிசோதனை பண்ணியிருந்தா தவிர்த்திருக்கலாம்.

அப்புறம் அந்த பழ ஈ, ட்ரோசோபிலா சுசுகி. ஆசியாவுல இருந்து போய் 2008ல கலிஃபோர்னியாவுலயும் ஐரோப்பாவுலயும் தலைகாட்டுச்சு. ட்ரோசோபிலா வகையில மத்த ஈங்க அழுகின பழத்துலதான் பெரும்பாலும் முட்ட வைக்கும், இதுல பொண்ணு ஈயோட முட்ட வைக்கற உறுப்பு ரம்பம் மாதிரி இருக்கறதால பழுத்துட்டு வர்ற நல்ல பழத்துலயே கிழிச்சு வெச்சுடும், வெளிய ஒண்ணும் தெரியாது. உப்புத் தண்ணில பழத்த லேசா நசுக்கிப் போட்டு கொஞ்ச நேரம் விட்டா வெள்ளையா புழு மேல வரும், இவ்ளோதான் டெஸ்ட். இதச் சொல்லிக் குடுக்க பெரிய லேப் எதுவும் வேணாம், ஆனா சீசன் ஆரம்பத்துல ஒருத்தர் வந்து செஞ்சு காட்டணும், பழம் பெட்டியோட திரும்பி வந்த பிறகு இல்ல.

அமெரிக்காவுல 1914லயே ஸ்மித்-லீவர்னு சட்டம் போட்டு பல்கலைக்கழகத்துல கண்டுபிடிக்கறத வயலுக்கு கொண்டு போக ஆள் போட்டாங்க. இந்தோனேசியாவுல 1989ல ஆரம்பிச்ச உழவர் வயல்வெளிப் பள்ளில விவசாயிங்க சீசன் முழுக்க வாராவாரம் வயல்லயே கூடி எது கெட்ட பூச்சி எது அத தின்ற பூச்சின்னு தாங்களே எண்ணிப் பாத்தாங்க, அது நெல்லுக்கு நடந்தது, காய்கறிக்கு அதவிட அதிகமா தேவ. நெல்லுல ஆலோசனை பத்து நாள் தள்ளிப் போனாலும் ஓரளவு சமாளிச்சுக்கலாம் (சில நேரம் முடியாது, தெரியும்), தக்காளிலயோ ஸ்ட்ராபெர்ரிலயோ பத்து நாள்ல மூணு பறிப்பு போயிடும்.

அதனால நாங்க கேக்கறது புது திட்டமோ மானியமோ இல்ல. காய்கறிக்கும் பெர்ரிக்கும்னு தனியா படிச்ச ஆள், போன் பண்ணா ரெண்டு நாளுக்குள்ள வயல்ல நிக்கற மாதிரி வண்டி, இலையும் மண்ணும் குடுத்தா பயிர் முடியறதுக்கு முன்னாடி ரிசல்ட் வர்ற லேப். ஒரே வகை மருந்த திரும்பத் திரும்ப அடிச்சா பூச்சிக்கு எதிர்ப்பு வந்துடும், அதனால மருந்து எந்த வகைன்னு சொல்ற, லேபிள்ல இருக்கற குரூப் நம்பர பாத்து மாத்தி மாத்தி அடிக்கணும்னு அந்த ஆள் எங்க கூட நின்னு அட்டவணை போட்டுக் குடுக்கணும். மீட்டிங் ஹால்ல ஸ்லைடு போட்டுக் காட்டினதெல்லாம் போதும், அத பாத்து பாத்து கொட்டாவிதான் வருது.

அந்த அடைச்ச குழாயில ஒரு துண்டு இன்னும் என் கொட்டகையிலதான் கெடக்கு, எந்த ஆபீஸர் வந்தாலும் முதல்ல அதத்தான் எடுத்துக் காட்டப் போறேன்.

இப்படிக்கு,
உங்க வாசகர், காய்கறி - பெர்ரி விவசாயி