சமூக ஊடக நிறுவனங்கள் தமிழ் முறைப்பாடுகளுக்குப் பொறுப்புக்கூற வழிசெய்யக் கோரும் மனு

2026.01.19

அரசாங்க அதிபர் / மாவட்டச் செயலாளர்,
மாவட்டச் செயலகம்,
யாழ்ப்பாணம்.

மதிப்பிற்குரிய அரசாங்க அதிபர் அவர்களுக்கு,

நல்லூர் பிரதேச செயலகப் பிரிவில் இயங்கும் எங்கள் சனசமூக நிலையத்தின் சார்பில் இதை எழுதுகிறேன்.

சென்ற வருடம் மாசி மாதம் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி இல்ல மெய்வல்லுநர் போட்டியில் அஞ்சல் ஓட்டம் ஓடினாள். தகப்பன் பெருமையில் ஒரு படத்தைப் போட்டார். ஒரு கிழமைக்குள் அதே படத்தை வைத்து அவள் பெயரில் யாரோ ஒரு கணக்கைத் திறந்துவிட்டார்கள். கீழே வந்த கருத்துகளை இந்த மனுவில் எழுத முடியாது. எழுத்து ஆங்கிலம், சொல் தமிழ், அதிலும் எங்கள் ஊர் வசை. முறைப்பாட்டுப் பொத்தானை அழுத்தினோம். மூன்றாம் நாள் ஆங்கிலத்தில் இரண்டு வரிப் பதில் வந்தது. தங்கள் விதிகள் எதுவும் மீறப்படவில்லையாம். தமையன் அதை வாசித்துச் சொல்ல, தாய் கேட்டது ஒன்றுதான்: “அதை ஆரும் வாசிச்சவையோ?”

கனடா, சுவிஸ் என்று சொந்தக்காரர் எல்லாரையும் பிடித்து ஆளுக்கொரு தடவை முறையிடச் செய்த பிறகு, 11ஆம் நாள் கணக்கு மறைந்தது. அதுவரை பிள்ளை பள்ளிக்கும் போகவில்லை, ரியூசனுக்கும் போகவில்லை. தளத்தின் பெயர் இங்கே வேண்டாம். அந்தத் தாயின் கேள்விக்குத்தான் பதில் வேண்டும்.

மொழி தெரியாமல் கடை விரித்தால் என்ன நடக்கும் என்பதை இந்த நாடு கண்டிருக்கிறது. முகநூலில் பரவும் வெறுப்புப் பேச்சைப் பற்றிக் கொழும்பிலுள்ள மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014இலேயே ஆய்வறிக்கை வெளியிட்டது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனவில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020இல். எரிந்த கடைக்காரருக்கு அது என்ன ஆறுதலோ தெரியாது.

அரசாங்கம் அப்போது தளங்களை முடக்கியது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகும் முடக்கியது. நாங்கள் அதைக் கேட்கவில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் வட்ஸ்அப் நின்றால் தாய் தகப்பனுக்குப் பேச்சுத்துணையே நின்றுவிடும். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை வைத்து, எழுதுகிறவர்களைப் பிடிக்கவும் கேட்கவில்லை. பேச்சுக்குப் பூட்டுப் போட்ட காலம் இங்கே இருந்தது, அதை நாங்கள் மறக்கவில்லை. பிடிக்க வேண்டியது எங்கள் பார்வையை விளம்பரமாக விற்றுக் காசு பார்க்கும் கம்பனிகளை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி, மிகப் பெரிய தளங்கள் ஒன்றியத்தின் ஒவ்வொரு உத்தியோகபூர்வ மொழிக்கும் எத்தனை பேரை வைத்துப் பதிவுகளைச் சரிபார்க்கின்றன என்று வெளியிட வேண்டும். சட்டத்தை மீறினால் உலக வருமானத்தில் 6 வீதம் வரை தண்டம். அங்கே சின்ன நாட்டு மொழிக்கும் கணக்குக் காட்டுகிறவர்கள், இங்கே அரச கரும மொழியான தமிழுக்கும் காட்டட்டும். சென்னைத் தமிழ் தெரிந்தவர் இருந்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. அங்கே சாதாரணமான சொல் இங்கே வசையாக இருக்கும்.

ஆகவே, இலங்கைத் தமிழ் வாசிக்கத் தெரிந்த எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று நிறுவனங்களிடம் எழுத்தில் கேட்கும்படியும், சிறுபிள்ளைகள் தொடர்பான முறைப்பாட்டுக்கு 24 மணித்தியாலத்துக்குள் தமிழில் பதில் தரச் செய்யும்படியும், தங்கள் பரிந்துரையுடன் டிஜிட்டல் பொருளாதார அமைச்சுக்கு எழுத வேண்டுகிறோம். அதுவரை மாவட்டத்தின் 15 பிரதேச செயலகங்களிலும் இப்படியான முறைப்பாட்டை எழுதிக் கொடுக்க உதவ ஒரு உத்தியோகத்தரையாவது ஒதுக்கலாம். சிறுவர் பாதுகாப்புக்கான 1929 இலக்கத்தை ரியூசன் வாசல்களில் ஒட்டுவதை நாங்களே செய்கிறோம். அனுமதி மட்டும் தாருங்கள்.

அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் இதை எடுப்பீர்களானால் பெரிய உதவி.

ஊரவர் கையொப்பங்களை இணைத்துள்ளோம். அந்தப் பதிவின் பிரதியை இணைக்கவில்லை. பிள்ளையின் முகம் இன்னொரு கோப்பிலும் கிடக்க வேண்டாம் என்று தாய் கேட்டுக்கொண்டார். தாங்கள் நேரம் தந்தால் அவரே கொண்டுவந்து காட்டுவார்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்,
சனசமூக நிலையம்.