அண்ணன் சொல்ல முடிகிறபோதே கேட்டுவிடுங்கள், அண்ணி

அன்புள்ள அண்ணிக்கு,

பாலியேட்டிவ், அதாவது நோயின் வேதனையைக் குறைக்கும் ஆதரவு சிகிச்சை தரும் ஆட்களைக் கூப்பிடலாமா என்று நான் கேட்டதும், "அந்த அளவுக்கு இன்னும் ஆகலையே" என்றீர்கள். கூப்பிட வேண்டியது இப்போதுதான், அண்ணி. கேன்சர் முற்றினால்தான் அது என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு. 1967-ல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற டாக்டர் இதற்காகவே திறந்த செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தில், ஆரம்பத்திலிருந்தே அண்ணனுக்கு வந்திருக்கிற இந்த மோட்டார் நியூரான் நோய் (தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழப்பது) உள்ளவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

ரிலுசோல் மாத்திரை நோயைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், நிறுத்தாது. "மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை எல்லாம் உங்கள் தலையில்.

சாப்பாட்டையே எடுங்கள். தண்ணியும் ரசமும்தான் அதிகம் புரையேறும். குழைய வடித்த சோற்றில் கெட்டித் தயிர் விட்டுப் பிசைந்தால் இறங்கும். நேராக உட்கார வைத்து, தாடையைத் தாழ்த்தி விழுங்கச் சொல்லிப் பாருங்கள், பலருக்கு உதவும். சாப்பிட்டு அரைமணி நேரமாவது படுக்க வேண்டாம். அம்மா "இன்னும் ஒரு வாய்" என்று திணிப்பதை நீங்கள்தான் நிறுத்த வேண்டும். (எனக்கு அந்தத் தைரியம் இல்லை.)

விழுங்க முடியாமல் போனால் சாப்பாடு செலுத்த வயிற்றில் வைக்கும் குழாயைப் பற்றியும் இப்போதே பேசணும். மூச்சுத்திறன் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் அதை வைப்பதில் ஆபத்து கூடும். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம் என்றீர்களே, ராத்திரி மூச்சு போதாமல் இருக்கலாம். முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுக்கு உதவும் பைபாப் கருவி தேவையா என்று கேளுங்கள். திணறலுக்குச் சிறு அளவில் மார்ஃபின் எழுதினால் பயப்படாதீர்கள். டாக்டர் அளந்து தருவது உயிரை எடுக்காது.

தொண்டையில் துளை போட்டு வென்டிலேட்டர் வைக்கலாமா, வேண்டாமா? இதை அப்பாவோ நானோ சொல்லக்கூடாது, அண்ணன் சொல்லணும். மேட்டூரில் எத்தனை அடி தண்ணி என்று தினம் விசாரிக்கிற மனுஷனுக்கு இதில் ஒரு முடிவு இருக்காதா? பேச்சு குழறுவதற்குள் கேளுங்கள். இப்படி உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்றால் அதை முன்கூட்டி எழுதி வைக்க உச்ச நீதிமன்றம் 2018-ல் வழிவிட்டது. 2023-ல் நடைமுறையையும் எளிதாக்கியது: இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன் கையெழுத்துப் போட்டால் போதும்.

2021-ல் வந்த தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். வருகிற நர்ஸிடம் உங்கள் முதுகுவலியையும் சொல்லுங்கள். அண்ணனைத் தூக்கித் தூக்கி வந்ததுதானே அது.

குறுவை நடவு முடிந்ததும் வந்து ஒரு வாரம் நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் மன்னார்குடியில் உங்கள் அம்மா வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்.