குழந்தைகள் சந்தை: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, மழைநீர் வடிகால், பூங்காச் சுற்றுச்சுவர் ஆகிய பணிகளின் நிலவரம் தனித்தாளில் உங்கள் கையில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகப் பேச விரும்புவது, நம் மாதச் சந்தையில் பிள்ளைகள் நடத்தும் கடைகளைப் பற்றித்தான். இவ்வாண்டு சங்கம் எடுத்த முயற்சிகளில் எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்ததும் இதுவே.

தமிழகத்தின் முதல் உழவர் சந்தை நம் மதுரை அண்ணா நகரில்தான் 1999-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதுவும் நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று. அங்கே தினமும் காலையில் விலைப்பட்டியலைப் பலகையில் எழுதிய பிறகே வியாபாரம் நடக்கும். அந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு பிள்ளையும் சிலேட்டில் விலையை எழுதிக் கடை முன் வைக்க வேண்டும். எழுதிய விலையை ஆளுக்கு ஏற்ப மாற்றக் கூடாது. எடை போட்டு விற்க வேண்டுமானால் முத்திரையிட்ட தராசு வேண்டும் என்பதால், கீரை கட்டாகவும் எலுமிச்சை எண்ணிக்கையிலும் விற்கப்படுகின்றன. பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைகள் 2019 முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்டவை. ஆகவே குடிக்கக் கொடுப்பதெல்லாம் எவர்சில்வர் டம்ளரில்தான். உணவுக் கடை என்றால் பெற்றோர் பெயரில் உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்க வேண்டும்.

இவற்றைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. வீட்டிலிருந்து எடுத்து வரும் பொருளுக்கும் கடை விலையைக் கணக்கு நோட்டில் எழுத வேண்டும். பெற்றோரில் சிலர் இதற்கு வருத்தப்பட்டார்கள். “என் பிள்ளைக்கு நான் கொடுக்கும் சர்க்கரைக்கும் கணக்கா?” என்று கேட்டார்கள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் நன்னாரி சர்பத் கடையே அதற்குப் பதில் சொல்லியது.

டம்ளர் 10 ரூபாய் என்று எழுதி வைத்தாள். வெயில் தாழுமுன்பே பானை காலி. கூட்டம் கைதட்டியது, அவளுக்கும் பெருமை. பிறகு நோட்டை விரித்து உட்கார்ந்தோம். ஒரு டம்ளருக்கு நன்னாரிப் பாகு 7 ரூபாய், அரை மூடி எலுமிச்சை 3 ரூபாய், ஊறவைத்த சப்ஜா விதை 50 காசு, ஐஸ் ஒன்றரை ரூபாய். ஆக 12 ரூபாய். ஒவ்வொரு டம்ளருக்கும் அம்மாவின் அடுக்களையிலிருந்து 2 ரூபாய் போயிருக்கிறது. பென்சிலைக் கடித்தபடி கூட்டலை மறுபடியும் போட்டுப் பார்த்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த மாதம் சிலேட்டில் 15 என்று எழுதியிருந்தது. வாங்க வந்தவர்கள் குறைந்தார்கள், பாகும் கொஞ்சம் மிஞ்சியது. ஆனால் அன்றுதான் அவள் முதன்முதலாக லாபம் பார்த்தாள். விலை என்பது என்ன என்று இதைவிடத் தெளிவாக எந்தப் பாடத்தில் சொல்லித்தர முடியும்?

முதலுக்கு வழியில்லாத பிள்ளைகள் ஒதுங்கி நிற்கக் கூடாது என்பதற்காக, வட்டியில்லாமல் 300 ரூபாய் கைமாற்றுக் கொடுக்கிறோம். நம் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் மகன் அதை வாங்கிக் கற்பூரவல்லி, கறிவேப்பிலைக் கன்றுகள் போட்டான். எந்த வீட்டு மொட்டை மாடியில் வெயில் விழும், எங்கே விழாது என்பது அவனுக்கு அத்துப்படி. “உங்கள் மாடிக்குக் கறிவேப்பிலை வேண்டாம் அத்தை, காய்ந்துபோகும் தொட்டி அது, கற்பூரவல்லி எடுத்துக்கொள்ளுங்கள்” என்று விலை குறைந்த கன்றைக் கையில் கொடுத்தான். பெரிய கடைக்காரர்களிடமே அரிதான குணம் அது.

சென்ற பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர், இது குழந்தைத் தொழில் ஆகாதா என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, 14 வயது நிறையாதவர்களை எந்த வேலைக்கும் அமர்த்தக் கூடாது என்கிறது. நம் சந்தையில் பிள்ளைகளுக்கு முதலாளியும் இல்லை, கூலியும் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை மட்டும். ஆனால் பெற்றோர் தம் சொந்தச் சரக்கைப் பிள்ளையின் கடையில் வைத்து விற்கத் தொடங்கினால் நிலைமை வேறு. அப்படி வந்த விண்ணப்பங்களை மறுத்தோம், இனியும் மறுப்போம்.

பெற்றோரின் அலைபேசிக்குப் பணம் போவதையும் நிறுத்தியிருக்கிறோம். கியூஆர் அட்டை வைத்த கடைகளில் பிள்ளைகளுக்குப் பணமே கண்ணில் படவில்லை. இப்போது ரொக்கம் மட்டும். சில்லறையைப் பொருளாளர் மாற்றித் தருகிறார். 10 வயது நிறைந்தவர்கள் தாமே கையெழுத்திட்டு நடத்தும்படி அஞ்சலகச் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். 500 ரூபாய் போதும். சர்பத் கடை மாணவி தொடங்கிவிட்டாள்.

உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். 100 ரூபாயை நீட்டி “மீதியை வைத்துக்கொள் கண்ணா” என்று சொல்லாதீர்கள். அன்பு புரிகிறது, ஆனால் இரவு அந்தப் பிள்ளையின் கணக்கு உதைக்கிறது. தேவைப்பட்டால் வாங்குங்கள், பிடிக்காவிட்டால் காரணத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். சர்பத்தில் இனிப்பு அதிகம் என்று ஒரு தாத்தா சொன்னதை அந்தப் பெண் நோட்டிலேயே எழுதி வைத்திருக்கிறாள்.

வரும் ஆண்டில் கைமாற்றுத் தொகையை 500 ரூபாயாக உயர்த்தவும், கடை வரிசைக்குப் பந்தல் போடவும் நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது. இரண்டுக்கும் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும். அடுத்த சந்தைக்குக் கடை கேட்கும் பிள்ளைகள் தம் கைப்பட எழுதிய விண்ணப்பத்தைச் சங்க அலுவலகத்தில் கொடுக்கலாம்.

நன்றி.

செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம், மதுரை