எந்த ஆகமம், எந்தப் படலம்?

சைவ ஆதீனங்களின் குருமகா சந்நிதானங்களுக்கும், ஆகமம் கற்பிக்கும் சிவாசாரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

ஓதுவார் எங்கே நின்று பாடலாம், குடமுழுக்கில் தமிழ் ஒலிக்கலாமா, யார் அர்ச்சகராகலாம் என்று எதைக் கேட்டாலும் "ஆகமத்தில் இடமில்லை" என்றுதான் பதில் வருகிறது. கோயில் வழிபாட்டை வகுக்கும் அந்த வடமொழி நூல்களில் எந்த ஆகமம், அதில் எந்தப் படலம் (அத்தியாயம்) என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. இந்த நிலையை மாற்ற உங்களால்தான் முடியும்.

நூல்களுக்குள் மேல், கீழ் பார்ப்பது நம் மரபுக்குப் புதிதல்ல. சுருதியும் (வேதம்) ஸ்மிருதியும் (பின்வந்த அறநூல்) முரண்பட்டால் சுருதியே நிற்கும் என்பது ஜைமினியின் மீமாம்சை. அறத்துக்கு உயர்ந்த பிரமாணம் சுருதிதான் என்று மனு ஸ்மிருதியே ஒப்புக்கொள்கிறது. வேதம், ஆகமம் இரண்டும் இறைவன் நூல், ஒன்று பொது, மற்றது சிறப்பு என்றார் திருமூலர். வேதநூல், சைவநூல் என இரண்டே நூல்கள், மற்றவை இவற்றின் விரிவு என்றார் அருணந்தி சிவாசாரியார். அப்புறம் தேவாரமும் திருவாசகமும் அடங்கிய பன்னிரு திருமுறையைத் தமிழ் வேதம் என்று நாம் கொண்டாடுகிறோம்.

சரி, கோயிலுக்குள் உண்மையில் எந்த நூல் ஆள்கிறது? மூலாகமங்கள் 28 என்பது கணக்கு. தமிழ்நாட்டுச் சிவாலயங்களில் அதிகம் பேசப்படுபவை காமிகாகமமும் காரணாகமமும். ஆனால் அன்றாடப் பூசையை நடத்துவது பெரும்பாலும் பத்ததிதான், அதாவது பூசை முறைக் கையேடு. 12ஆம் நூற்றாண்டில் அகோர சிவாசாரியார் செய்த பத்ததி அவற்றுள் தலையானது. அதற்கும் மேலே அந்தந்தக் கோயிலின் வழக்கம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பல வழக்கங்கள் அழகானவை, காப்பாற்ற வேண்டியவை. ஆனால் வழக்கம் வழக்கமாகவே அறியப்படட்டும். ஆகமத்தின் பெயரில் பேச வேண்டாம்.

காமிகாகமத்தின் அர்ச்சனை விதியிலேயே திராவிட மொழிப் பாட்டுக்கு இடம் சொல்லப்பட்டிருக்கிறது. எத்தனை அடியார்களுக்கு இது தெரியும்? தீபாராதனை முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில் ஓதுவார் பஞ்சபுராணம் என்னும் ஐந்து திருமுறைப் பாடல்களைப் பாடுவதைக் கேட்டால் மனம் வலிக்கிறது. பெருமாள் புறப்பாட்டில் ஆழ்வார் பாசுரம் பாடும் பிரபந்த கோஷ்டி முன்னே போகிறது, வேதம் ஓதும் கோஷ்டி பின்னே வருகிறது. வடமொழி வேதமும் ஆழ்வார் பாசுரமும் இரண்டுமே வேதாந்தம் என்று தீர்மானித்த வைணவ ஆசாரியர்கள் அதை வீதியிலேயே காட்டினார்கள். திருமுறையை வேதம் என்கிற நாம் அதற்கு எந்த இடம் கொடுத்திருக்கிறோம்?

இந்தக் கேள்விகளுக்கு நீங்கள் பதில் சொல்லாததால் நீதிமன்றங்கள் சொல்கின்றன. 1972இல் சேஷம்மாள் வழக்கு, 2015இல் ஆதிசைவ சிவாசாரியார்கள் வழக்கு என்று அர்ச்சகர் நியமனம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020இல் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின் மொழியையும் நீதிமன்றம்தான் முடிவு செய்தது. ஆகமக் கோயில்கள் எவை என்று கண்டறிய ஒரு குழு வேண்டும் என 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆகமத்துக்குச் சட்டத்தின் பார்வையில் இவ்வளவு கனம் இருக்கும்போது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது வழிபட வருகிறவர்களுக்குத் தெரியாமல் இருப்பது நியாயமா?

சுவடிகள் அழிந்துவிடவில்லை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் சேர்த்த சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின. ஆகமங்கள் பலவற்றை அந்த நிறுவனமே பதிப்பித்திருக்கிறது. அந்த உழைப்பு சாதாரண பக்தர் கைக்கு வர வேண்டும்.

ஆகம மூலத்தைத் தமிழ் எழுத்திலும் பொருளைத் தமிழிலும் எவரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடுங்கள். உங்கள் கோயில்கள் ஒவ்வொன்றிலும் எந்த ஆகமம், எந்தப் பத்ததி பின்பற்றப்படுகிறது என்று பலகையில் எழுதி வையுங்கள். "இடமில்லை" என்று மறுப்பவர் படலமும் சுலோகமும் எழுத்தில் தரட்டும். காமிகத்தின் கிரியை படலங்களில் தொடங்கினாலே போதும். படி எடுக்கவும் மெய்ப்பு பார்க்கவும் ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், வந்து உட்காரத் தயாராக இருக்கிறோம்.

பணிவுடன்,
சிவனடியார் ஒருவர்