தறிக்காரருக்கு ஒரு யோகா, லாரிக்காரருக்கு ஒரு யோகா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யோகா தினத்துக்கு மறுநாள் உங்கள் சேலம் பதிப்பில் வந்த படங்களைப் பார்த்தேன். மைதானம் நிறையப் பள்ளிப் பிள்ளைகள், வரிசை பிசகாமல் ஒரே மாதிரி வளைந்து நிற்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் தெரு டீக்கடையில் அந்தப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தவர்கள் எல்லாரும் "இதெல்லாம் நம்ம உடம்புக்கு ஆவுமா?" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள். 2014 டிசம்பரில் ஐ.நா. சபை தீர்மானம் போட்டு, 2015 முதல் வருஷா வருஷம் ஜூன் 21ல் கொண்டாடுகிறோம். இத்தனை வருஷம் ஆகியும் உழைக்கிற சனம் யோகாவைத் தள்ளி நின்றே பார்க்கிறது என்றால், சொல்லிக்கொடுக்கிற முறையில்தான் ஏதோ கோளாறு இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் அம்மாப்பேட்டையில் வெண்பட்டு வேட்டி நெய்பவன். தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்துவிட்டால் இரண்டு காலுக்கும் மிதியிலேதான் வேலை. வலது கை, ஊடு இழையைக் கொண்டுபோகிற நாடாவின் கயிற்றை வெட்டி வெட்டி இழுக்கும். இடது கை சட்டத்தை நெஞ்சுப் பக்கம் கொண்டுவந்து அடிக்கும். முதுகு கூனிக்கொள்ளும், கழுத்து, தறியில் நீளவாட்டில் கட்டிய பாவு இழைகளின் மேல் நீண்டிருக்கும். இழை அறுந்துவிட்டால் இன்னும் குனிய வேண்டும். பட்டு இழை ஆயிற்றே, மூக்கு இடிக்கிற தூரத்தில் போனால்தான் கண்ணுக்குத் தெரியும். இப்படியே வருஷக்கணக்கில். ஒரு பண்டிகைக்குச் சட்டை தைக்கப் போனபோது டெய்லர்தான் முதலில் சொன்னார், "ஒரு தோள் இறங்கியிருக்குதுங்ண்ணா" என்று. இடுப்பு வலியை எல்லாரும் தொழிலோடு சேர்ந்த சொத்து என்றே வைத்துக்கொள்வோம். யாரும் அதை வியாதிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் ரிட்டயர்டு உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் மொட்டைமாடியில் நாலைந்து பேருக்கு யோகா சொல்லித் தருகிறார். போன முதல் நாள் ஆசனமே கிடையாது. பிரஷர் உண்டா, சுகர் உண்டா, ஆபரேஷன் ஏதாவது நடந்ததா, கண்ணில் நீர் அழுத்தம் என்று டாக்டர் சொன்னாரா, குனிந்தால் வலி காலுக்கு இறங்குகிறதா, இதையெல்லாம் கேட்டார். அப்புறம் கைப்பிடிச் சுவரைக் காட்டி, "அதுமேல உக்காந்து வெறுங்கையால நெய்ஞ்சு காட்டுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெய்து காட்டினேன். சுற்றி வந்து பக்கவாட்டில் நின்று பார்த்தார். "நாள் முழுக்க முன்னால குனியறீங்க. இங்க வந்தும் குனிய வைக்க நான் எதுக்கு?" என்று சொல்லி, என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார்.

அவர் சொல்லிக்கொடுத்தது புஜங்காசனம். பாம்பு படம் எடுக்கிற நிலை என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் பலர் செய்வது தண்டால் மாதிரி இருக்கும். கையை ஊன்றித் தூக்குவார்கள், தலையைப் பின்னால் சாய்ப்பார்கள். வாத்தியார் அதை விடமாட்டார். உள்ளங்கை நெஞ்சுக்குப் பக்கத்தில், முழங்கை உடம்போடு ஒட்டி, தொப்புள் தரையிலேயே இருக்க வேண்டும். மூச்சை இழுத்துக்கொண்டே நெஞ்சை மட்டும் மெதுவாக எழுப்ப வேண்டும். வேலை முதுகுக்குத்தான், கைக்கு இல்லை. உள்ளங்கையைத் தரையிலிருந்து சற்று எடுத்துப் பார்த்தாலும் நெஞ்சு கீழே விழக் கூடாது. கழுத்து முதுகின் போக்கிலேயே போகட்டும். அந்த நிலையில் இரண்டு மூன்று மூச்சு இருந்துவிட்டு, மூச்சை விட்டபடி இறங்க வேண்டும். பார்த்தால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். செய்து பார்த்தால் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே தூங்கிக்கிடந்த தசை எல்லாம் விழித்துக்கொள்ளும்.

மூச்சைப் பற்றி அவர் சொன்ன கணக்கும் லேசானதுதான். நெஞ்சு விரியும்போது இழு, மடங்கும்போது விடு. மூக்கு வழியாக மட்டும். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். மூச்சை நிதானமாக விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும், உடம்பு முறுக்கு இளகும். செய்துகொண்டிருக்கும்போது மூச்சு முட்டினால், பல்லைக் கடித்தால், அளவு மீறிவிட்டோம் என்று அர்த்தம், அங்கேயே திரும்பிவிட வேண்டும். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி ஆசனத்துக்குக் கேட்டதே இரண்டுதான், நிலையாக இருக்க வேண்டும், சுகமாக இருக்க வேண்டும். திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு அங்கங்களை வரிசையாகச் சொல்கிறார். இயமம், நியமம் என்ற ஒழுக்கங்கள் இரண்டுக்கும் அப்புறம்தான் ஆசனம் வருகிறது. காலைத் தூக்கித் தோளில் போட்டால்தான் யோகா என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை.

ஆளைப் பார்த்து யோகா சொல்வது எங்கள் வாத்தியார் கண்டுபிடித்ததும் இல்லை. மைசூர் அரண்மனையில் பிள்ளைகளுக்குத் துள்ளலும் தாவலுமாகக் கற்றுக்கொடுத்த யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார், பிறகு சென்னைக்கு வந்து, தேடி வந்தவர்களுக்கு வயசு, தொழில், வியாதி பார்த்துத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் படித்த பி.கே.எஸ். ஐயங்கார் நாற்காலி, பெல்ட், மரக்கட்டை எல்லாவற்றையும் யோகாவுக்குள் கொண்டுவந்தார். தரையில் உட்கார முடியாதவர் நாற்காலியில் உட்கார்ந்து செய்யலாம், குறைச்சல் ஒன்றுமில்லை. மூட்டு வலிக்காரரை முழங்காலை மடக்கிக் குதிகால் மேல் வஜ்ராசனத்தில் உட்காரச் சொல்லி வதைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இதற்கு நேர்மாறாக ஒன்றையும் பார்த்தேன். எங்கள் பகுதியில் ஒரு இலவச முகாம் நடந்தது. மைக்கில் ஒருவர் சொல்லச் சொல்ல எல்லாரும் செய்ய வேண்டும். யாருக்கு என்ன உடம்பு என்று ஒரு கேள்வி இல்லை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற பக்கத்து வீட்டுக்காரர் மூச்சை வெட்டி வெட்டி வெளியே தள்ளுகிற கபாலபாதியை வேகவேகமாகச் செய்து, தலை சுற்றி, ஓரமாக உட்கார்ந்துவிட்டார். அடுத்து, தோளை ஊன்றிக் காலை மேலே தூக்குகிற சர்வாங்காசனம் என்று மைக் அறிவித்தது. ரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர்களும் கண்ணில் நீர் அழுத்தம் உள்ளவர்களும் தலைகீழ் ஆசனங்கள் பக்கம் போகக் கூடாது. கர்ப்பிணிகள், குடலிறக்கம் உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் செய்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. சாப்பிட்டு மூன்று நாலு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். இதை மைக்கில் சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா?

இன்னொரு பக்கம் வாட்ஸ்அப்பில், சுகர் மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள், விரலை மடக்கிப் பிடிக்கிற இந்த முத்திரை போதும் என்று வருகிறது. என் மருமகள் நர்ஸ், அவளுக்கு அதைப் பார்த்தாலே கோபம் வரும். யோகாவால் என்ன ஆகும் என்பதை உள்ளபடி சொன்னாலே போதும். நாள்பட்ட இடுப்பு வலிக்கு மருந்துக்கு முன்னால் முயன்று பார்க்க வேண்டியவற்றில் யோகாவும் ஒன்று என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017ல் வழிகாட்டி வெளியிட்டது. தொடர்ந்து செய்தால் ரத்த அழுத்தம் கொஞ்சம் குறையலாம். கொஞ்சம்தான், மாத்திரையை நிறுத்துகிற அளவுக்கு இல்லை. மெதுவாகச் செய்கிற ஆசனம் நடைக்கும் ஈடாகாது. வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பு சூடேறுகிற மாதிரி அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால் மூக்கனேரிப் பக்கம் நடக்கிறவர்கள் யோகா வந்துவிட்டது என்று நடையை விட்டுவிட வேண்டாம்.

என் சொந்தக் கதை இவ்வளவுதான்: இடுப்பு வலி போய்விட்டது என்று சொல்லமாட்டேன். தறியைவிட்டு எழும்போது சுவரைப் பிடிப்பதில்லை. ராத்திரி புரண்டு படுத்தால் விழிப்பு வருவதில்லை. எனக்கு இது போதும்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். உங்கள் ஞாயிறு இணைப்பில் வாரம் ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு, அந்தத் தொழில்காரருக்கு ஏற்ற இரண்டு மூன்று ஆசனங்களைப் போடுங்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பற்றவைக்கிறவர் கழுத்தை நெருப்புப் பக்கம் நீட்டியே உட்கார்ந்திருக்கிறார். சங்ககிரி லாரி டிரைவருக்கு இடுப்பு மடிந்தபடியே ராத்திரி போகிறது. நாடாவுக்குள் வைக்கிற நூல் தார் சுற்றுகிற பெண்களுக்குத் தோளும் மணிக்கட்டும் போகின்றன. அது முடிந்து அடுப்படிக்குப் போனால் மறுபடி நின்ற காலிலேயே வேலை. இவர்களுக்கு ஒரே பாடம் எப்படிப் பொருந்தும்? ஒவ்வொரு படத்துக்கும் கீழே, யார் செய்யக் கூடாது என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

மாநகராட்சிக்கும் ஒரு வார்த்தை. பூங்காக்களில் நடக்கிற வகுப்புகள் விடிகாலையில்தான் இருக்கின்றன. தண்ணீர் பிடிக்கிற, பிள்ளைக்கு டிபன் கட்டுகிற நேரம் அது. சாயங்காலம் தறி நிற்கிற நேரத்துக்கு ஒரு வகுப்பு வைத்தால் எங்கள் தெருவிலிருந்தே ஆள் வரும், பெண்களும் வருவார்கள்.

தொடருக்கு எழுத ஆள் வேண்டுமென்றால் எங்கள் வாத்தியார் எழுதித் தரச் சம்மதித்திருக்கிறார். அவர் கையெழுத்து மட்டும் கொஞ்சம் மோசம். என் மருமகள் டைப் அடித்துக் கொடுத்துவிடுவாள்.

இப்படிக்கு,
ஒரு கைத்தறி நெசவாளர்,
அம்மாப்பேட்டை, சேலம்.