கிராம்புத் தீவில் ஒரு பகல்

தார்-எஸ்-சலாம்,
ஆடி மாதம், ஞாயிறு.

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நான் இங்கே நலம். அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? பயல்கள் ரெண்டு பேரும் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறார்களா?

இங்கிருந்து கடல் தாண்டி இருக்கும் சான்சிபார் தீவுக்குப் போய் வந்ததைச் சொல்ல ஆரம்பித்ததுமே, "ஏ மாப்ள, இத போன்ல சொல்லி முடிச்சிராத, ஒரு தாள எடுத்து வெவரமா எழுது" என்று அத்தான் சொல்லிவிட்டார். அவர் ஆசை எனக்குத் தெரியும். 2011ல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் விட்டபோது ஓடிப்போய்ப் பாஸ்போர்ட் எடுத்தவர். அந்த வருஷம் முடிவதற்குள் கப்பலே நின்றுபோனது. பாஸ்போர்ட்டும் ஒரு முத்திரை விழாமலே காலாவதி ஆனது. அதனால் இந்தக் கடிதத்தில் பாதி அவருக்கு. சரக்கு, சுங்கம் என்று வரும் இடங்களை நீ தாண்டிப் போய்க்கொள் அக்கா.

இங்கே முந்திரி சீசன் அக்டோபரில்தான் சூடு பிடிக்கும். அதுவரை எங்கள் ஆபீஸில் பழைய கணக்கை நேர் செய்கிற வேலைதான். தான்சானியாவில் விளையும் முந்திரிக்கொட்டையில் பெரும்பகுதி உடைக்காமலே மூட்டை கட்டி வெளிநாட்டுக்குப் போகிறது. அதில் தூத்துக்குடியில் வந்து இறங்குவதும் உண்டு. நான் பில் போடுகிற சரக்கு ஊர்ப்பக்கம் போய்ச் சேர்ந்துவிடுகிறது, நான்தான் இங்கே கிடக்கிறேன். வேலை மந்தமாக இருக்கிறதே என்று நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒருநாள் சுற்றுலாவுக்குப் பணம் கட்டினோம். கப்பல் டிக்கெட், கைடு, மதியச் சாப்பாடு, மசாலாத் தோட்டம் எல்லாம் அதிலேயே அடக்கம்.

படகுத்துறை இந்த ஊர் துறைமுகத்து முகப்பிலேயே, புனித சூசையப்பர் பேராலயத்துக்கு எதிரே இருக்கிறது. படகு என்று நான் சொன்னதை வைத்து வள்ளம் என்று நினைத்துக்கொள்ளாதே. மாடி உண்டு, ஏசி உண்டு, டிவியில் படம் ஓடுகிறது. சுமார் 70 கிலோமீட்டர் கடலை இரண்டு மணி நேரத்தில் தாண்டிவிடுகிறது. சுற்றுலா வந்த வெள்ளைக்காரர்கள் பாதி, மெத்தையும் மூட்டையுமாக ஊர் திரும்புகிற தீவுக்காரர்கள் பாதி. ஏறி உட்கார்ந்ததும் ஒரு பையன் வந்து ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் பை கொடுத்தான். குப்பை போடத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

துறைமுகத்து வாயைத் தாண்டும்வரை சுகமாக இருந்தது. அப்புறம் தெரிந்தது பை எதற்கென்று. ஆடிக்காற்று அக்கா! இங்கேயும் அதேதான். இந்த மாதங்களில் தெற்கிலிருந்து அடிக்கும் காற்றை இவர்கள் 'கூசி' என்கிறார்கள். அதே காற்றுதான் பூமத்திய ரேகையைக் கடந்ததும் கிழக்கே திரும்பி, அரபிக்கடல் முழுக்க ஓடி வந்து, நம் மலையில் மோதி, செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்காசிக்குள் சாரலோடு நுழைகிறது. அங்கே நீங்கள் குற்றாலத்தில் குளிப்பதற்காக நான் இங்கே பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சான்சிபார் ஊர் உண்டானதே காற்றினால்தான். பாய்மரக் காலத்தில், டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்கிலிருந்து அடிக்கும் காற்றைப் பிடித்து அரேபியாவிலிருந்தும் குஜராத் பக்கத்துக் கட்ச்சிலிருந்தும் கப்பல்கள் வரும். ஏப்ரலுக்குப் பிறகு காற்று மாறியதும் தந்தமும் கிராம்பும் அடிமைகளும் ஏற்றிக்கொண்டு திரும்பும். காற்று மாறும்வரை காத்துத்தானே கிடக்க வேண்டும்? அப்படித் தங்கியவர்கள் கடை போட்டு, கல்யாணம் கட்டி, ஊராகிவிட்டார்கள். ஓமான் சுல்தான் செய்யிது சயீது 1840 வாக்கில் மஸ்கட்டை விட்டுவிட்டுத் தன் அரண்மனையையே இங்கே மாற்றிக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்.

இறங்கியதும் பாஸ்போர்ட் கேட்டார்கள். கரைப்பக்கத்து டாங்கனிகாவும் சான்சிபாரும் 1964ல் ஒன்று சேர்ந்து தான்சானியா ஆன பிறகும், தீவுக்குத் தனி ஜனாதிபதி, தனி சட்டசபை. முத்திரை குத்தும்போது அத்தானைத்தான் நினைத்தேன்.

எங்கள் கைடு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆள். வெள்ளைத் தொப்பி, நிறுத்தி நிறுத்திப் பேசும் இங்கிலீஷ். முதலில் கடற்கரை முகப்பைக் காட்டினார். சுல்தான் பர்காஷ் 1883ல் கட்டிய 'அதிசய மாளிகை' அங்கேதான் நிற்கிறது. அந்தத் தீவில் முதன்முதலில் மின்விளக்கு எரிந்த கட்டடம், லிஃப்டும் வைத்தார்களாம். 2020 கிறிஸ்துமஸ் அன்றைக்கு அதில் ஒரு பக்கம் இடிந்து விழுந்துவிட்டது. வெளியே நின்று பார்த்ததோடு சரி. அதற்குப் பக்கத்து அரண்மனையைத்தான் 1896 ஆகஸ்டில் இங்கிலீஷ்காரன் கடலிலிருந்து பீரங்கி வைத்து அடித்தான். தனக்குப் பிடிக்காத ஆள் சுல்தான் ஆகிவிட்டான் என்று கோபம். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிய சண்டை முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. உலகத்திலேயே சின்னப் போர் இதுதான் என்று சொல்லி கைடு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செத்தவர்கள் நூற்றுக்கணக்கில்.

உள்ளே போனால் எல்லாம் சந்து. ரெண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திண்ணையில் ஏறி நிற்க வேண்டும். திண்ணை என்றால் நம் திண்ணையேதான், வீட்டுச் சுவரோடு சேர்த்துக் கட்டியது. சாயங்காலம் ஆனால் கிழவர்கள் காபியோடு வந்து உட்கார்ந்துவிடுவார்களாம். சுவர் முழுக்கப் பவளக்கல்லும் சுண்ணாம்பும். நம் தூத்துக்குடிப் பக்கமும் கடலிலிருந்து பவளப்பாறையை வெட்டி வெட்டிச் சுண்ணாம்புக்கு எரித்தார்களே, இரண்டு தீவே தண்ணீருக்குள் போன பிறகல்லவா கதை புரிந்தது. இங்கே கல் இன்னும் சுவராக நிற்கிறது, ஆனால் மழையில் அரித்துக்கொண்டே வருகிறது. 2000ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தும், பல வீடுகள் முட்டுக்கொடுத்துத்தான் நிற்கின்றன.

கதவுகளைப் பற்றிப் பெரிய மாமாவிடம் சொல், ஆசாரி வேலை தெரிந்தவருக்குத்தான் அருமை புரியும். நிலையிலும் சட்டத்திலும் தாமரை, சங்கிலி, கொடி என்று செதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். மேலே வளைவு வைத்தது இந்தியக் கதவு, நேர்ச்சட்டம் வைத்தது அரபுக் கதவு என்று கைடு பிரித்துக் காட்டினார். சிலவற்றில் பித்தளைக் கூம்புகள் வரிசையாகப் பதித்திருக்கின்றன. இந்தியாவில் யானை முட்டாமல் இருக்க வைத்ததாம். யானையே இல்லாத தீவில் எதற்கு என்று எங்களோடு வந்த கோட்டயத்துக்காரன் கேட்டான். "பணம் இருப்பதைக் காட்டத்தான்" என்றார் கைடு. அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

சின்னவனிடம் சொல்: பாட்டுக்காரர் ஃப்ரெடி மெர்க்குரி 1946ல் பிறந்த ஊர் இதுதான். பார்சிக் குடும்பம். அவர் வீடு என்று காட்டுகிற கட்டடத்தின் வாசலில் நின்று படம் எடுக்க ஒரே கூட்டம். நானும் ஒன்று எடுத்தேன், அவனுக்கு அனுப்புகிறேன்.

இனி அடிமைச் சந்தை. அது இருந்த இடத்தில் இப்போது ஆங்கிலிகன் பேராலயம் இருக்கிறது. 1873ல் இங்கிலீஷ்காரர்கள் சுல்தான் பர்காஷை மிரட்டிச் சந்தையை மூட வைத்த பிறகு, அந்த இடத்திலேயே கோயில் கட்டினார்கள். ஆட்களைக் கட்டிவைத்துச் சாட்டையால் அடித்த மரம் நின்ற இடம் என்று பீடத்தருகே தரையில் வட்டமாக ஒரு வெள்ளைப் பளிங்கைக் காட்டுகிறார்கள். அழாமல் அடி தாங்குகிறவனுக்கு விலை கூடுதலாம். வெளியே ஒரு குழிக்குள் ஐந்து சிலைகள், கழுத்தில் சங்கிலி. சிலைதான் புதிது, சங்கிலி அந்தக் காலத்து அசல் சங்கிலி. பக்கத்துக் கட்டடத்தின் கீழே நிமிர்ந்து நிற்க முடியாத இரண்டு நிலவறைகளுக்கும் கூட்டிப் போகிறார்கள். அவை அடிமைகளை அடைத்த அறைகள்தானா, மிஷன்காரர்கள் பின்னால் கட்டிய சேமிப்பறைகளா என்று சரித்திரம் படித்தவர்களுக்குள் வழக்கு உண்டு. எதுவானாலும், அந்த வெக்கையில் அங்கே ஐந்து நிமிஷம் நிற்க முடியவில்லை.

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தபோது கைடு என்னிடம் என்ன வேலை என்று கேட்டார். கணக்கு எழுதுகிறேன் என்றேன். "அந்தக் காலத்திலும் இங்கே கணக்கு எழுதியவர்கள் உங்கள் நாட்டுக்காரர்கள்தான்" என்றார். குத்திக் காட்டிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். உண்மைதான் அத்தான். அரபிகள் தோட்டம் போட்டார்கள், உள்நாட்டுக்குள் ஆள் பிடிக்கப் போனார்கள். அதற்கெல்லாம் கடன் கொடுத்தது கட்ச், குஜராத் வியாபாரிகள். சுல்தானின் சுங்க வசூலையே ஜெய்ராம் சிவ்ஜி என்ற கட்ச் வணிகக் குடும்பம் பல வருஷம் குத்தகைக்கு எடுத்திருந்தது. இறங்குகிற மூட்டைக்கு இவ்வளவு, தந்தத்துக்கு இவ்வளவு, அடிமைக்குத் தலைக்கு இவ்வளவு என்று சுங்கம். இந்தியர்களே வீட்டிலும் தோட்டத்திலும் அடிமைகளை வைத்திருந்தார்கள். 1860ல் ரிக்பி என்ற பிரிட்டிஷ் கான்சல், இந்தியர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள் என்ற சட்டத்தைக் காட்டி ஆயிரக்கணக்கான பேரை விடுவித்தார். அதே வியாபாரிகள்தான் பின்னால் தர்மத்துக்கு ஆஸ்பத்திரி கட்டினார்கள். கடற்கரையில் மரவேலைப்பாட்டோடு நிற்கும் பழைய மருந்தகத்துக்கு தாரியா தோப்பன் என்ற இந்திய வணிகர்தான் பணம் கொடுத்தார்.

எனக்கு அந்த வியாபாரிகளைவிட அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேரேடு எழுதிய குமாஸ்தாதான் மண்டைக்குள் நின்றான். சம்பளத்துக்கு ஊர்விட்டு வந்தவன், வரி வரியாக எழுதியிருப்பான், சாயங்காலம் கூட்டிப் பார்த்துக் கணக்கு நேரானதும் நிம்மதியாகத் தூங்கியிருப்பான். ஊருக்குக் கடிதமும் போட்டிருப்பான். அதில் என்ன எழுதினானோ.

சாப்பாட்டைச் சொல்லாவிட்டால் நீ கோபித்துக்கொள்வாய். 'உரோஜோ' என்று ஒன்று கிண்ணத்தில் கொடுத்தார்கள். மஞ்சள் நிறத்தில் மாங்காய்ப் புளிப்போடு கொதிக்கக் கொதிக்க ஒரு குழம்பு, அதில் பஜ்ஜி, அவித்த உருளைக்கிழங்கு, மேலே மரவள்ளி வற்றல், தேங்காய்ச் சட்டினி. ஊரில் சொதிச் சாப்பாட்டின் கடைசியில், மிச்சம் எல்லாவற்றையும் ஒரே இலையில் கொட்டிப் பிசைந்து பெரியம்மா ஊட்டுவாளே, அந்த ருசி. தினமும் சமைப்பது நான்தான், கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் இங்கே கிடைப்பதால் பிழைப்பு ஓடுகிறது.

மத்தியானம் மசாலாத் தோட்டம். ஜாதிக்காய், பட்டை, ஏலம், மிளகு என்று ஒவ்வொரு இலையாகக் கிள்ளிக் கையில் கொடுத்து, இது என்ன என்று கேட்கிறார்கள். பாதிக்கு மேல் நாங்களே சொல்லிவிட்டதால் கைடுக்குக் கொஞ்சம் சுவாரசியம் போய்விட்டது. பிறகு ஒரு பையன் பாட்டுப் பாடிக்கொண்டே தென்னை மரம் ஏறினான், எல்லோரும் கைதட்டிக் காசு கொடுத்தார்கள். பனையேறிகள் ஊரில் பிறந்தவனிடம் தென்னை ஏறிக் காட்டினால்? ஆனாலும் கொடுத்தேன், அவன் பாடியது நன்றாக இருந்தது.

அத்தான், இனி கிராம்பு. பூவாக விரியும் முன்னே, மொட்டு பச்சையிலிருந்து லேசாகச் சிவக்கும் பதத்தில் கொத்தோடு பறிக்கிறார்கள். காம்பைக் கையால் ஆய்ந்து எடுத்துவிட்டுப் பாயில் நாலைந்து நாள் வெயிலில் காயவைத்தால் நம் கடையில் இருக்கும் நிறம் வந்துவிடுகிறது. மரம் இந்தத் தீவுக்குச் சொந்தமானதில்லை. இந்தோனேசியாப் பக்கத்து மொலுக்காஸ் தீவுகளிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் மொரீஷியஸ் பக்கம் கொண்டுவந்ததை, 1800களின் தொடக்கத்தில் அரபிகள் இங்கே கொண்டுவந்து நட்டார்கள். 1872ல் அடித்த புயல் இந்தத் தீவின் மரங்களில் பெரும்பகுதியைச் சாய்த்துவிட்டது. பக்கத்துத் தீவு பெம்பா அவ்வளவாகச் சேதப்படாமல் தப்பியது. அதனால் இன்றைக்கும் சான்சிபார் கிராம்பு என்று நீங்கள் விற்பதில் பெரும்பகுதி பெம்பாக் கிராம்புதான். விளைந்ததை அரசாங்கக் கழகத்திடம்தான் விவசாயி விற்க வேண்டும்.

நம் குற்றாலத்திலும் ஏறக்குறைய அதே காலத்தில்தான், 1800 வாக்கில், கிழக்கிந்தியக் கம்பெனி மசாலாத் தோட்டம் போட்டுக் கிராம்பு நட்டது. இந்தியாவுக்குக் கிராம்பு மரம் வந்ததே அப்படித்தான் என்கிறார்கள். அது தெற்கே மலையோடு பரவித்தான் கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைக்கும் அளவுக்கு வந்தது. கைடிடம் இதைச் சொன்னேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

ஒரு பொட்டலம் வாங்கியிருக்கிறேன். நகத்தால் கீறினால் எண்ணெய் கசிகிறது, தலையும் உடையவில்லை. தண்ணீரில் போட்டும் பார்த்தேன், நெட்டுக்குத்தலாக நின்றது. ஆவணியில் இங்கிருந்து பாவூர்சத்திரத்துக்காரர் ஒருவர் ஊருக்கு வருகிறார், அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவர் திரும்பும்போது கருப்பட்டியும் கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்துவிடு அக்கா, ஊறுகாய் டப்பாவை இரண்டு கவரில் போட்டுக் கட்டு.

அத்தான், இன்னொரு விஷயம். இங்கே மூன்று தலைமுறையாக இருக்கும் ஒரு குஜராத்திப் பெரியவர் எங்கள் ஆபீஸுக்கு வருவார். போய் வந்ததைச் சொன்னதும் அவர் ஒரு கதை சொன்னார். 1937ல் சான்சிபார் அரசாங்கம் கிராம்பு வாங்கும் உரிமையை ஒரு சங்கத்துக்குக் கொடுத்து இந்திய வியாபாரிகளை ஓரங்கட்டியது. உடனே காங்கிரஸ், சான்சிபார் கிராம்பை யாரும் வாங்காதீர்கள் என்று இந்தியா முழுக்கச் சொல்லிவிட்டது. 1938ல் சமரசம் ஆகும்வரை இங்கே கிராம்பு தேங்கிக் கிடந்ததாம். உங்கள் தாத்தா கடை வைத்த காலம்தானே அது? அவர் எழுதிய பேரேடுகள் பரணில் சிவப்புத் துணி சுற்றிக் கிடக்கின்றன. எலி தின்றது போக மிச்சம் இருந்தால் அந்த இரண்டு வருஷத்துக் கணக்கை மட்டும் எடுத்துப் பாருங்கள். கிராம்பு வரவு நின்றிருக்கிறதா, இல்லை வேறு எங்கிருந்தாவது வாங்கி விற்றிருக்கிறாரா என்று எனக்குத் தெரிய வேண்டும். பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாலும் போதும், பழைய எழுத்தை நான் படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி